இரவல் ஆடை

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், அரியாங்குப்பம் ஆரோக்கிய அன்னையின் திருவிழாத் தேர்ப்பவனியில், வழக்கமான பேண்டு வாத்தியத்தோடு வெளியூர்க் குழு ஒன்றும் வந்திருந்தது. தோல்பையைக் கக்கத்தில் இடுக்கி, அதில் செருகிய குழல்களால் ஓயாத ரீங்காரம் எழுப்பும் பேக்பைப் கருவியை வாசிப்பவர்கள் அவர்கள். இடையில் முழங்கால்வரை மடிப்பு மடிப்பாகத் தொங்கும் சிவப்புக் கட்டம் போட்ட துணி. தோளில் அதே துணியில் ஒரு மேலாடை. என் தங்கையின் பேரனுக்கு அப்போது எட்டு வயது. என் கையைப் பிடித்து இழுத்துக் கேட்டான்:

"தாத்தா, ஆம்பளைங்க ஏன் பாவாடை கட்டியிருக்காங்க?"

"பாவாடை இல்லடா. ஸ்காட்லாந்துப் பட்டாளத்துக்காரங்க கட்டுற துணி. கில்ட்டுன்னு பேரு."

"அதைக் கட்டிக்கிட்டா சண்டை போடுவாங்க?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டில் நாள் முழுதும் கட்டம் போட்ட கைலியோடு வளைய வருகிற எனக்கு, அந்த உடையைக் கேலி செய்யும் தகுதி கிடையாது என்பது பிறகுதான் உறைத்தது. பிள்ளையின் கேள்விக்கு அன்று விடை சொல்லவில்லை. அவனும் பலூன்காரனைக் கண்டதும் அதை மறந்துவிட்டான்.

அந்தப் பிள்ளை இன்று இருபது வயது இளைஞன். புதுச்சேரியில் பல குடும்பங்களுக்கு உள்ளதுபோல் அவன் குடும்பத்துக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை உண்டு. பிரெஞ்சு இராணுவத்தில் சேர அவனுக்கு ஆணை வந்திருக்கிறது. ஆசி பெற்றுப்போக வரப்போகிறான் என்று தங்கை சொல்லியனுப்பியபோதுதான், அன்று சொல்லாமல் விட்ட விடை என் முன்னே வந்து நின்றது. ஒரு மனிதன் போருக்கென்று ஓர் ஆடையை உடுத்தும்போது, அந்த ஆடைக்குள்ளே இருக்கும் மனச்சான்று யாருடையது? இக்கேள்வியை அந்தக் கட்டம் போட்ட துணியின் கதையைக் கொண்டே ஆராயலாம். அது எங்கோ குளிர்நாட்டில் நடந்த கதையாக மட்டும் இருந்திருந்தால் இங்கே எழுதியிருக்க மாட்டேன். அதன் நடுப்பகுதி நம் கடலூர்ச் சாலையில் நடந்தது.

ஸ்காட்லாந்தின் மலைநாட்டு மக்கள், கேலிக் மொழி பேசியவர்கள், குலத்தலைவர்களின் கீழ் வாழ்ந்தவர்கள். ஸ்டூவர்ட் அரச மரபின் இளவரசர் சார்ல்ஸ் எட்வர்டு 1745-இல் இழந்த அரியணையைத் தேடி வந்தபோது அவர்களில் பலர் அவர் பக்கம் நின்றனர். கத்தோலிக்கக் குலங்களும் அவர்களில் இருந்தன. 1746 ஏப்ரல் 16 அன்று கல்லோடன் என்ற திடலில் ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. வென்றவர்கள் ஆயுதங்களைப் பறித்ததில் வியப்பில்லை. அதோடு நில்லாமல் ஆடையையும் பறித்தார்கள். 1747 ஆகஸ்ட் 1 முதல் ஸ்காட்லாந்தில் எந்த ஆணும், எந்தச் சிறுவனும், மலைநாட்டு உடையை அணியக் கூடாது. முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை. மறுமுறை பிடிபட்டால் கடல் கடந்து ஏழாண்டு நாடுகடத்தல். ஆடை என்பது வெறும் துணியன்று. அது ஒரு மக்களின் நினைவு என்பதைத் தோற்றவர்களைவிட வென்றவர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள்.

அச்சட்டத்தில் ஒரே ஒரு விலக்கு இருந்தது. அரசரின் படையில் சேர்ந்தவன் அந்த உடையை அணியலாம்.

இந்த விலக்கை நான் பலநாள் எண்ணிப் பார்த்ததுண்டு. தடையைவிடக் கொடியது இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது. தந்தை தன் வீட்டு முற்றத்தில் உடுத்தினால் சிறைக்குப் போகவேண்டிய அதே துணியை, மகன் அரசரின் துப்பாக்கியைத் தோளில் ஏந்தினால் தெருவில் இசையோடு உடுத்திச் செல்லலாம். 'இரவல் சேலையை நம்பி இடுப்புக் கந்தையை எறிந்தாளாம்' என்று நம் ஊரில் பழமொழி சொல்வார்கள். இங்கே நடந்தது அதைவிட வேடிக்கை. இடுப்பிலிருந்த சொந்தத் துணியையே உருவிக்கொண்டு, அதையே இரவலாகத் திருப்பித் தந்தார்கள். வட்டியாக உயிரைக் கேட்டார்கள்.

பல மலைநாட்டுப் படையணிகள் எழுந்தன. கல்லோடனில் இம்மக்களை எதிர்த்துப் போரிட்ட ஜேம்ஸ் உல்ஃப் என்ற படைத்தலைவர், இவர்களைப் போரில் பயன்படுத்தலாம், இவர்கள் விழுந்தாலும் நமக்குப் பெரிய கேடில்லை என்னும் பொருள்பட 1751-இல் நண்பர் ஒருவருக்கு எழுதினார். எட்டு ஆண்டுகள் கழித்துக் கனடாவின் கியூபெக் நகரை அவர் தாக்கியபோது அவருடைய படையில் மலைநாட்டு வீரர்கள் இருந்தனர். விழவும் செய்தனர்.

அந்தக் காலத்தில் நம் அரியாங்குப்பமும் போர்க்களமாகத்தான் இருந்தது. உடைத் தடைச் சட்டம் நடப்புக்கு வந்த மறு ஆண்டு, 1748 ஆகஸ்டில், பாஸ்கவன் என்ற ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் புதுச்சேரியை முற்றுகையிட வந்தார். வழியில் நின்றது பிரெஞ்சுக்காரர்களின் அரியாங்குப்பம் கோட்டை. சிறிய கோட்டைதானே என்று எண்ணிப் பாய்ந்தவர்கள் அடிபட்டுத் திரும்பினர். ஸ்டிரிங்கர் லாரன்ஸ் என்ற தளபதி இங்கேதான் பிரெஞ்சுக்காரர் கையில் சிக்கினார். பின்னர்க் கோட்டைக்குள் வெடிமருந்து வெடிக்கவே பிரெஞ்சுக்காரர்கள் அதைக் கைவிட்டுப் போயினர். எனினும் புதுச்சேரி விழவில்லை. அக்டோபரில் முற்றுகை கைவிடப்பட்டது.

அந்தப் படையில் ஜேம்ஸ் கிரே என்று ஒரு வீரன் இருந்தான். உண்மையில் அவன் ஹன்னா ஸ்னெல் என்னும் பெண். கைவிட்டுப்போன கணவனைத் தேடி ஆண் உடை தரித்துப் படையில் சேர்ந்தவள் என்று 1750-இல் இலண்டனில் வெளிவந்த அவளது வரலாறு கூறுகிறது. இங்கே நடந்த சண்டையில் அடிபட்டதாகவும், தான் பெண் என்பது படை மருத்துவருக்குத் தெரிந்துவிடாதபடி, இடுப்பருகே பாய்ந்த குண்டை ஓர் உள்ளூர்ப் பெண்ணின் துணையோடு தானே எடுத்துக்கொண்டதாகவும் அந்நூல் சொல்கிறது. விற்பனைக்காகச் சற்று மிகைப்படுத்தியிருப்பார்கள் என்று ஆய்வாளர் கருதுகின்றனர்; இருக்கலாம். ஆனால் அவள் அந்தப் படையில் இருந்ததும், பின்னர்ச் செல்சி மருத்துவமனையின் படைவீரர் ஓய்வூதியம் பெற்றதும் உண்மை. ஒரு சீருடை எவ்வளவு மறைக்கும் என்பதற்கு அரியாங்குப்பத்து மண்ணிலேயே கிடைக்கும் சான்று இது. பக்கத்தில் படுத்தவனுக்கும் அது ஆணா பெண்ணா என்று தெரியவில்லை. அந்த உள்ளூர்ப் பெண்ணுக்கு மட்டும் தெரிந்தது. அவள் பெயர் எந்த நூலிலும் இல்லை.

கில்ட் உடைக்காரர்களிடம் திரும்புவோம். 1778-இல் ராஸ்ஷயர் பகுதியைச் சேர்ந்த சீஃபோர்த் பிரபு, அரசருக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்களைத் திரட்டி ஓர் அணியை அமைத்தார். 78-ஆம் மலைநாட்டு அணி என்பது அதன் பெயர். அவ்வாண்டு செப்டம்பரில் எடின்பரோவிலிருந்து லீத் துறைமுகத்துக்குக் கப்பலேற நடந்தவர்களிடையே ஒரு பேச்சு பரவியது: 'நம்மைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள்.' சம்பள பாக்கியும் இருந்தது. அவர்களில் பெரும்பகுதியினர் கப்பலேற மறுத்து, நகரையொட்டிய ஆர்தர்ஸ் சீட் என்ற குன்றின்மேல் ஏறி அமர்ந்துகொண்டனர். தங்கள் கட்டம் போட்ட மேலாடைகளைக் கம்பில் கட்டிக் கொடியாக ஏந்தினார்கள். நகர மக்கள் உணவு கொண்டுபோய்க் கொடுத்தார்கள். சில நாள்கள் கழித்து, பாக்கி தரப்படும், கம்பெனிக்கு விற்கவில்லை, தண்டனை இல்லை என்று பேசி முடித்த பிறகே இறங்கினர்.

நாள்காட்டியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உடல் சிலிர்க்கிறது. அதே 1778 செப்டம்பரில், கம்பெனியின் படை நம் புதுச்சேரியைச் சுற்றி வளைத்துப் பீரங்கியால் தகர்த்துக்கொண்டிருந்தது. அதன் தலைவர் ஹெக்டர் மன்றோ, அவரும் ராஸ்ஷயர்க்காரரே. அக்டோபரில் நகரம் சரணடைந்தது. எதை எதிர்த்து அந்த வீரர்கள் குன்றேறினார்களோ அது அன்றைக்கே அவர்கள் ஊர்க்காரர் ஒருவரின் கையால் இங்கே நடந்துகொண்டிருந்தது.

வாக்குறுதி மூன்றாண்டுதான் நின்றது. 1781 ஜூனில் அவ்வணி கிழக்குநாட்டுக்குக் கப்பலேற்றப்பட்டது. பிரபுவே வழியில் இறந்தார். சொறிநோய் தாக்கி 247 பேர் கடலில் மாண்டனர். 1782 ஏப்ரலில் சென்னையில் இறங்கியபோது, புறப்பட்ட 1,100 பேரில் ஆயுதம் ஏந்தும் வலிமையோடு இருந்தவர்கள் 369 பேரே. அவர்கள் இங்கே வந்திறங்கிய மூன்றாம் மாதம், ஜூலை 1 அன்று, ஊரில் உடைத் தடைச் சட்டம் நீக்கப்பட்டது. முப்பத்தைந்து ஆண்டுக்குப் பின் ஒரு விவசாயி தன் பாட்டன் உடுத்தியதைத் தானும் உடுத்தலாம். அந்த உரிமைக்கு விலை கொடுத்தவர்களில் பலர் அதற்குள் கடலுக்கடியில் கிடந்தனர்.

மிஞ்சியவர்கள் 1783 ஜூன் 13 அன்று கடலூருக்கு வெளியே பிரெஞ்சுப் படையோடு மோதினர். அரியாங்குப்பத்திலிருந்து தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர். ஒரு பக்கம் ஜெனரல் ஸ்டூவர்ட்டின் ஆங்கிலேயப் படை. மறுபக்கம் புஸ்ஸியின் பிரெஞ்சுப் படையும் மைசூர்ப் படையும். இரு பக்கமும் சிப்பாய்கள் என்ற பெயரில் நம் நாட்டவர் நின்றனர். ஆங்கிலேயத் தரப்பில் மட்டும் அன்று ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காயமுற்றனர். பிரிட்டனும் பிரான்சும் சமாதானத்தின் முதற்கட்ட உடன்படிக்கையில் கையெழுத்திட்டது அவ்வாண்டு ஜனவரி 20-இல். செய்தி கப்பலில் வந்து சேர ஜூன் மாதக் கடைசியாயிற்று. முடிந்துபோன போரில் ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்தார்கள் அவர்கள்.

இன்னொரு மலைநாட்டு அணியும் அங்கே இருந்தது: மெக்லவுடு பிரபுவின் 73-ஆம் அணி. அந்தப் பிரபுவின் கதை நம் கேள்விக்கு மிக அருகில் வருகிறது. 1745-இல் தந்தை குரோமார்ட்டி பிரபுவோடு சேர்ந்து அரசரை எதிர்த்து வாளேந்திய இளைஞர் அவர். தந்தைக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. உயிர் தப்பியது, நிலங்கள் போயின. மகன் சுவீடன் நாட்டுப் படையில் பல்லாண்டு பணியாற்றித் திரும்பி, 1777-இல் அதே அரச மரபுக்காகத் தம் குல மக்களிலிருந்து ஓர் அணியைத் திரட்டிக் கொடுத்தார். அவர்கள் 1780 ஜனவரியில் சென்னையில் இறங்கினார்கள். அவ்வாண்டு செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்தருகே பொள்ளிலூரில் திப்புவின் படையிடம் அவ்வணியின் இரு கம்பெனிகள் அழிந்தன. மிஞ்சியவர்கள் சீரங்கப்பட்டணத்துச் சிறையில் கிடந்தனர். 1781 ஜூலை 1-இல் பரங்கிப்பேட்டையில் ஐதர் அலியோடு நடந்த போரில் குண்டுமழைக்கு நடுவே இவ்வணியின் குழலோசை ஓயாமல் ஒலித்ததாம். படைத்தலைவர் அயர் கூட் மகிழ்ந்து, வெள்ளியில் குழல் செய்துகொள்ள 50 பவுன் கொடுத்தார் என்று சொல்வார்கள். 1784-இல் குரோமார்ட்டிக் குடும்பத்தின் நிலங்கள் மெக்லவுடு பிரபுவிடம் திரும்பி வந்தன.

பறிபோன தந்தையின் நிலம் மகனுக்குக் கிடைத்தது. நன்று. எதைக் கொடுத்து வாங்கினார்? பொள்ளிலூர் வயல்களில் கிடந்த தம் குலப் பிள்ளைகளின் உடல்களைக் கொடுத்து. பரங்கிப்பேட்டை மணலில் கிடந்த, பெயர் எழுதப்படாத, நம்மவர் உடல்களையும் கொடுத்து. ஓர் அநீதி சரிசெய்யப்படுவதற்காக மூன்றாவது ஒருவன் ஏன் சாகவேண்டும்? உரிமையிழந்தவன் தன் மானத்தை மீட்டுக்கொள்ளும் வேட்கை நியாயமானதே. அந்த மீட்பின் விலைச்சீட்டு தனக்குத் தீங்கே செய்யாத வேறொருவன் வீட்டு வாசலில் ஒட்டப்படும்போது அந்த நியாயம் என்னவாகிறது? என் மனம் இந்த இடத்தில்தான் திரும்பத் திரும்ப இடறுகிறது.

ஹெக்டர் மன்றோவையும் மறந்துவிடக் கூடாது. 1781 நவம்பரில் டச்சுக்காரர்களிடமிருந்து நாகப்பட்டினத்தைக் கைப்பற்றியவர் அவரே. ஊரில் தம் நிலத்துக்குமேல் ஃபைரிஷ் என்ற மலையுச்சியில் நாகப்பட்டினக் கோட்டை வாயிலின் சாயலில் ஒரு நினைவுச் சின்னம் எழுப்பினார். பிழைப்பின்றித் தவித்த சுற்றுவட்டார மக்களுக்குக் கூலி கிடைக்கட்டும் என்ற எண்ணமும் அதில் இருந்ததாகக் கூறுவர். வேலை நீளவேண்டுமென்று மேலே ஏறிய கற்களை அவரே கீழே உருட்டிவிட்டார் என்று ஒரு கதையும் உண்டு. நம் கடற்கரையில் உடைந்த வாயில், அங்கே பசித்தவர்கள் சுமந்த கல்லில் நிற்கிறது. இன்றும் நிற்கிறது.

அந்தப் பசிக்குக் காரணம் ஆடு. நிலவுடைமையாளர்கள் கம்பளி வருமானத்துக்காகக் குடியானவர்களைப் பெயர்த்துவிட்டு மலைச்சரிவுகளில் ஆட்டு மந்தைகளை விட்டார்கள். 1792-இல் ராஸ்ஷயர் மக்கள் பொறுக்க முடியாமல் ஆடுகளைத் திரட்டி ஊரைவிட்டு ஓட்டியபோது அவர்களை அடக்க அனுப்பப்பட்டது எந்தப் படை என்று எண்ணுகிறீர்கள்? கறுப்புக் காவல் என்று பெயர்பெற்ற 42-ஆம் மலைநாட்டு அணி. அதே கட்டம் போட்ட துணி. ஆடைக்குள் இருந்தவன் பேசியது எதிரே நின்றவனின் தாய்மொழி. அடுத்த ஆண்டு ஆகஸ்டில், சீஃபோர்த் அணி, இப்போது 72 என்ற எண்ணோடு, புதுச்சேரி முற்றுகையில் நின்றது. 1793-இல் நம் நகரம் மீண்டும் விழுந்தது. 1822-இல் அரசர் நான்காம் ஜார்ஜ், தோல்நிறக் காலுறைக்கு மேல் கில்ட் உடுத்தி எடின்பரோவில் காட்சி தந்தார். தடைசெய்த குடும்பத்தின் வாரிசே அதை உடுத்திக்கொண்ட பிறகு அந்த ஆடை எல்லாருக்கும் பிடித்துப்போயிற்று. இந்தக் குலத்துக்கு இந்தக் கட்டம் என்று இன்று கடைகளில் விற்கும் வகைப்பாட்டில் பெரும்பகுதி அதற்குப் பிறகு உண்டானதுதான்.

நம்மவர்கள் மட்டும் என்ன? அவர்களுக்கு ஆடையைத் திருப்பிக் கொடுத்துப் பணியவைத்த அதே அரசு, நம் சிப்பாயிடம் அடையாளத்தைப் பறித்துப் பணியவைக்கப் பார்த்தது. நெற்றிக்குறி கூடாது, தாடியை மழி, தோல் பட்டம் வைத்த புதுத் தலைப்பாகையை அணி என்று சென்னைப் படைத் தலைமை ஆணையிட்டது. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டை கொதித்தெழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட ஆங்கிலேய வீரர்களும், அதைவிடப் பன்மடங்கு சிப்பாய்களும் அன்று மாண்டனர். பின்னர் அந்தத் தலைப்பாகை ஆணை திரும்பப் பெறப்பட்டது. சிப்பாய் மீண்டும் அணிவகுத்தான். ஸ்காட்லாந்துக்காரனுக்கு ஆடை கிடைத்தது, வேலூர்க்காரனுக்குத் தலைப்பாகை கிடைத்தது. யாரைச் சுடவேண்டும் என்று முடிவுசெய்யும் உரிமை இருவருக்குமே கிடைக்கவில்லை.

பழந்தமிழர் போருக்குப் போகையில் பூச் சூடினார்கள். ஆநிரை கவர வெட்சி, படையெடுக்க வஞ்சி, மதில் வளைக்க உழிஞை, எதிர்நின்று பொர தும்பை. இலக்கண நூல்கள் அதைத் துறை துறையாக வகுத்திருக்கின்றன. அக்காலப் போர்களை நான் புகழவில்லை. குருதி எக்காலத்திலும் குருதியே. ஆயினும் பூவில் ஒரு நேர்மை உண்டு. இன்று என்ன செய்யப் போகிறாய் என்பதை அது அறிவித்துவிடும். கொள்ளையடிக்கப் போகிறவன் தும்பை சூட முடியாது. மாலையில் வாடியும் விடும். சீருடை வாடுவதில்லை. காக்கவும் அதே உடை, பறிக்கவும் அதே உடை.

மத்தேயு, மாற்கு நற்செய்திகளில் நாம் பெரும்பாலும் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு செய்தி உண்டு. படைவீரர்கள் ஆண்டவருக்குச் செந்நிற ஆடையைப் போர்த்தி எள்ளி நகையாடிய பின், அதைக் கழற்றிவிட்டு, அவருடைய சொந்த ஆடைகளையே மீண்டும் அணிவித்து, சிலுவையில் அறைய இட்டுச் செல்கிறார்கள். சொந்த ஆடை திரும்பக் கிடைப்பது விடுதலையாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. சீஃபோர்த் அணியின் கதையைப் படித்த நாள் முதல் தவக்காலத்தில் இப்பகுதி வாசிக்கப்படும்போது, கப்பலேறிய அந்த ஆயிரத்து நூறு பேரை என்னால் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

படைப்பணியே பாவம் என்று திருச்சபை சொல்லவில்லை. 1965-இல் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏடு, மக்களின் பாதுகாப்புக்கும் உரிமைக்கும் பணியாளராகத் தம்மைக் கருதும் வீரர்கள் அமைதிக்கு உதவுகிறார்கள் என்றே கூறுகிறது. அதே பகுதியில், அறநெறிக்கு மாறான ஆணைகளுக்குக் கண்மூடிக் கீழ்ப்படிந்தவன் 'எனக்கு ஆணையிட்டார்கள்' என்று சொல்லித் தப்ப முடியாது என்றும், மறுத்து நின்றவர்களின் துணிவு மிக உயர்ந்த பாராட்டுக்கு உரியது என்றும் கூறுகிறது. தூர் நகரப் புனித மார்ட்டின் படைமேலாடையை வாளால் இரண்டாக்கி ஏழைக்குப் போர்த்திய காட்சியை எல்லா ஆலயச் சன்னல்களிலும் வரைகிறோம். பின்னொரு நாள் போருக்கு முன் அவர் அரசன் முன்னிலையில் இனிப் போரிடேன் என்று சொல்லி, கோழை என்று ஏசப்பட்டு, ஆயுதமின்றி முன்வரிசையில் நிற்கிறேன் என்ற காட்சியை யாரும் வரைவதில்லை.

இதைப் படிக்கும் சிலர், பட்டாளத்துக்குப் போகும் ஏழைப் பிள்ளைக்கு இத்தனை ஆராய்ச்சி கட்டுப்படியாகுமா என்று கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். ராஸ்ஷயர்ப் பையன் படையில் சேர்ந்தது ஆடைப் பெருமைக்காக மட்டுமன்று; சேராவிட்டால் தந்தையின் குத்தகை நிலம் போகும் என்பதற்காகவும்தான். அவனுக்கு மேலே இருந்தவர்களின் பொறுப்பும் அவனுடைய பொறுப்பும் ஒரே எடையல்ல. ஆனாலும் எடையே இல்லை என்று சொல்ல என் வீட்டுச் சுவரே என்னை விடாது. என் தாய்வழித் தாத்தா பிரெஞ்சுப் படையில் சைகோனில் இருந்தவர். ஊரில் 'சொல்தா' என்றுதான் அவரை அழைப்பார்கள். ஜூலை 14-ஆம் நாள் காலையில் பித்தளைப் பொத்தான் வைத்த மேற்சட்டையை அணிந்து, பதக்கங்களைக் குத்திக்கொண்டு, புதுச்சேரிக் கடற்கரைப் போர் நினைவுச் சின்னத்துக்குப் போவார். எனக்குப் பத்து வயதிருக்கும்போது கேட்டேன்:

"அங்க என்ன தாத்தா செய்தீங்க?"

"காவல் நின்னேன்."

"யாரு வராம?"

அவர் பதில் சொல்லவில்லை. பதக்கத்தைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். அவருடைய ஓய்வூதியத்தில்தான் என் தாய் படித்தாள். அந்தப் படிப்பால்தான் நான் இதை எழுதுகிறேன். வியட்நாமில் எவனோ ஒருவன் தன் வயலுக்குள் தானே போக முடியாமல் நின்றதில் எனக்கும் ஒரு பங்கு ஊதியம் வந்திருக்கிறது.

சென்ற ஞாயிறு பூசை முடிந்து தங்கையின் பேரன் வந்தான். ஆசி கேட்டுக் குனிந்தான். நெற்றியில் சிலுவையிட்டேன். பிறகு திண்ணையில் உட்காரவைத்து, ஆர்தர்ஸ் சீட் குன்றின் கதையைச் சொன்னேன். மேலாடையைக் கொடியாகக் கட்டியதைச் சொன்னபோது அவன் முகம் மலர்ந்தது. 'எங்கே அனுப்புகிறார்கள், எதற்காக' என்று கேட்க அவர்களுக்குத் தெரிந்திருந்தது, நீயும் கேட்கக் கற்றுக்கொள் என்று நான் முடிக்கப் போகையில் அவன் குறுக்கிட்டான்.

"குன்றிலேர்ந்து எறங்கினவங்க கடைசியில இங்கதானே வந்தாங்க, தாத்தா?"

"ஆமாம்" என்றேன். வேறொன்றும் சொல்ல எனக்கு வரவில்லை.

உள்ளே என் மனைவி பழைய ட்ரங்குப் பெட்டியைத் திறந்து தாத்தாவின் மேற்சட்டையை எடுத்துவைத்திருந்தாள். பிள்ளை போட்டுப் பார்க்கட்டும் என்று அவளுக்கு ஆசை. போட்டுப் பார்த்தான். தோள் இறுக்கியது, கை மணிக்கட்டுவரை எட்டவில்லை, ஒரு பித்தளைப் பொத்தான் கழன்று உருண்டு கட்டிலடியில் போயிற்று. அவன் மண்டியிட்டுத் தேடி எடுத்துக் கொடுத்தான். அவள் அதைச் சட்டைப் பையில் போட்டு, சட்டையை மடித்து, இரண்டு நாப்தலின் உருண்டைகளை வைத்துப் பெட்டியை மூடினாள்.